சிவப்பு மறைந்த திரை: 13 வயது மடிக்கணினியோடு நான்கு வாரம்

பெரியப்பாவின் மடிக்கணினி மஞ்சள் துணிப்பையில், இரண்டு பழைய வேட்டிகளுக்கு நடுவில் சுற்றப்பட்டு என் வீட்டுக்கு வந்தது. மயிலாடுதுறையிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "படம் பித்துப் பிடித்ததுபோல ஆடுகிறது. கடையில் காட்டினேன். கிராபிக்ஸ் சிப் போய்விட்டதாம். எடுத்து மறுபடி பற்றவைக்க 4,500 ரூபாயாம். செலவு செய்யலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா, நீயே சொல்" என்றார்.

2012-ஆம் ஆண்டுக் கடைசியில் வாங்கிய இயந்திரம். 14 அங்குலத் திரை, குறுக்கே 1366 புள்ளிகள், நெடுக்கே 768. மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஊர்க்கோயில் திருப்பணிக் கணக்கு முழுவதையும் இதில்தான் எழுதுகிறார். யூனிகோடு வருவதற்கு முந்தைய ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஆகவே தூக்கிப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைக்காரர் சொன்னதில் ஓர் ஓட்டை இருந்தது. இந்த இயந்திரத்தில் தனி கிராபிக்ஸ் சிப்பே கிடையாது. எச்டி கிராபிக்ஸ் 4000 என்கிற வரைகலைப் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. இல்லாத சிப்பை எடுத்துப் பற்றவைக்க 4,500 ரூபாய் மலிவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தனி சிப் உள்ள பழைய மடிக்கணினிகளில் படம் கெட்டால், மதர்போர்டைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் உலாவுகிறது. வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். ரொட்டி சுடும் அடுப்பில் வைத்தவர்களும் உண்டு. ஈயம் இல்லாத பற்றாசு (சோல்டர்) உருக ஏறக்குறைய 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டர்களும் பிளாஸ்டிக் இணைப்பிகளும் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் விரிசல் இருப்பது சிப்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் அல்ல, சிப்பின் உறைக்குள்ளே சிலிக்கானைத் தாங்கும் நுண்ணிய பற்றுகளில். சூடு பட்டதும் அவை தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரங்களில் மறுபடியும் விட்டுவிடும். விற்றுக் கைகழுவ நினைப்பவருக்கு அந்தச் சில வாரம் போதும். வைத்துக்கொள்ள நினைப்பவருக்குப் போதாது.

சரி, நோய் என்ன? பெரியப்பா காட்டியபோது நான் பார்த்தவை மூன்று. திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடி கனத்தில் ஒரு பச்சைக்கோடு. அவ்வப்போது கறுப்பு நிறப் பகுதிகளில் மின்மினிபோலப் புள்ளிகள். பிறகு திடீரென்று படத்திலிருந்து சிவப்பு மட்டும் காணாமற்போய், வெள்ளைத் தாள் முழுக்க மயில்நீலமாக மாறிவிடும். சில நொடிகளில் தானாகவே சரியாகும்.

முதல் சனிக்கிழமை நான் செய்தது, கணினி பழகியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. மென்பொருளிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இருந்தது. விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவைத்தேன். அங்கே இயக்கமுறைமையும் இல்லை, கிராபிக்ஸ் பகுதியை அது இயக்குவதற்கான டிரைவர் என்ற மென்பொருளும் இல்லை. கோளாறு அங்கேயும் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்ல வழியில்லை. பத்து நிமிடமும் திரை சமர்த்தாக இருந்தது. ஆகவே டிரைவர்தான் என்று முடிவுகட்டி, பழையதை நீக்கிப் புதியதைப் போட்டு, புதியதை நீக்கிப் பழையதைப் போட்டு, சனியும் ஞாயிறும் கழிந்தன. அந்தப் பத்து நிமிடமும் நான் மூடியைத் தொடவே இல்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. வந்து வந்து போகிற கோளாறு பத்து நிமிடம் வரவில்லை என்றால் அது பத்து நிமிடம் வரவில்லை என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது.

ஞாயிறு மாலையில்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயக்கமுறைமை போட்ட ஒரு பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினேன். வட்டில் எதையும் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து முழு இயக்கமுறைமையும் ஓடும். விண்டோஸ் டிரைவரின் ஒரு வரிகூட இங்கே இல்லை. அரை மணி நேரத்தில் மயில்நீலம் வந்து எட்டிப்பார்த்தது. இரண்டு வெவ்வேறு இயக்கமுறைமைகளில் ஒரே நோய் என்றால் டிரைவர் குற்றவாளி அல்ல. இதை முதல் மணி நேரத்திலேயே செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

அந்த மயில்நீலம் திரையில் இருக்கும்போதே ஒரு திரைப்பிடிப்பு எடுத்து என் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தேன். செலவில்லாத, மிக நல்ல சோதனை இது. திரைப்பிடிப்பு என்பது கணினியின் நினைவகத்தில் தயாராகிவிட்ட படத்தின் நகல். திரைக்குப் போகும் வழியில் படத்துக்கு என்ன ஆகிறது என்பது அதில் பதிவாகாது. கைப்பேசியில் சிவப்பு செக்கச்செவேலென்று இருந்தது. அதாவது படம் சரியாகத்தான் உருவாகிறது, போகிற வழியில் அடிபடுகிறது.

இதே இடத்தில் ரேமையும் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூசி தட்டித் திரும்பப் பொருத்தினேன். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. அது பொது ரேமில்தான் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ரேம் சரியாக அமராவிட்டால் படம் சதுரம் சதுரமாகச் சிதறுவதும், எழுத்துகளின் இடத்தில் குப்பை தெரிவதும் உண்டு. நம் நோய் அந்த வகை அல்ல என்று தெரியும். இருந்தாலும் அடிப்பக்க மூடியைத் திறந்துவிட்ட பிறகு சும்மா விட மனம் வரவில்லை.

அடுத்து வெளித்திரை. பழைய மானிட்டர் ஒன்றை விஜிஏ கேபிளில் இணைத்தேன். இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும்படி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மடிக்கணினித் திரை நிறம் மாறியபோது மானிட்டர் மாறவில்லை. பச்சைக்கோடும் மானிட்டரில் இல்லை. மூடியை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் பார்த்து ஒன்றும் ஆகவில்லை. ஆகவே உள்ளே திரைக்குப் போகும் கேபிள் அல்ல, பேனல் என்கிற திரைத்தகடுதான் என்று எழுதி வைத்தேன். என் குறிப்பேட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

இங்கேதான் கவிழ்ந்தேன். திரைப்பிடிப்பும் வெளித்திரையும் ப்ராசஸரையும் ரேமையும் விடுவித்தன, அவ்வளவுதான். மிச்சமிருந்தது மதர்போர்டிலிருந்து புறப்படும் கேபிளும் அது போய்ச் சேரும் பேனலும். இரண்டில் எது என்பதைப் பற்றி அந்தச் சோதனைகள் வாயே திறக்கவில்லை. பச்சைக்கோடு கண்ணுக்கு முன்னால் எப்போதும் நின்றதால், எல்லாவற்றுக்கும் அதுவே மூலம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். நிலையாக நிற்கும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் பேனலின் நோய். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் படலங்களில் ஒரு நெடுவரிசைக்குரிய தொடர்பு விட்டிருக்கும். அது கேபிளால் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். திரை முழுக்க ஒரு நிறம் மறைந்து மீள்வது வேறு சங்கதி என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் பேனல் வாங்கப் போகிறவர்கள் கணினியின் மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் மூன்று விதப் பேனல் போட்டு விற்றிருப்பார்கள். திரையைக் கழற்றி, பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பார்க்க வேண்டியவை: இணைப்பி 40 முனையா 30 முனையா, அது எந்தப் பக்க ஓரத்தில் இருக்கிறது, பேனல் தடித்ததா மெலிந்ததா, திருகு போடும் காதுகள் மேலும் கீழுமா பக்கவாட்டிலா. இந்தக் காலத்துப் பேனல்களில் எல்விடிஎஸ் என்ற படம் அனுப்பும் முறைக்கு 40 முனை, பின்னால் வந்த இடிபி முறைக்குப் பெரும்பாலும் 30 முனை. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. என்னுடையது 40 முனை, மெலிந்தது, காது மேலும் கீழும். வேறொரு கணினியிலிருந்து கழற்றிய பேனல் ஒன்று 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. கடையில் அதற்கென்று வைத்திருந்த சோதனைப் பலகையில் மாட்டி, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஒவ்வொரு நிறமாக முழுத்திரைக்கு ஓடவிட்டுக் காட்டினார்கள். ஒரு புள்ளிகூடப் பழுதில்லை. அந்தச் சோதனைப் பலகையில் என் பழைய பேனலையும் மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அது வீட்டில் கட்டில்மேல் கிடந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். திருகுகளைப் பெரியப்பா விட்டுப்போன பழைய மாத்திரைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. திரைச்சட்டகத் திருகு திங்கள், கீல் திருகு செவ்வாய், பேனல் காதுத் திருகு புதன். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்னும் காணவில்லை. சட்டகத்தைப் பிரிக்க, காலாவதியான ஏடிஎம் அட்டை. உலோகத் திருப்புளியை நுழைத்தால் பிளாஸ்டிக்கில் பல் பதிந்துவிடும்.

அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன். பேட்டரியைக் கழற்றவில்லை. அடியில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும் பேட்டரி அது. அணைத்துத்தானே வைத்திருக்கிறேன் என்ற எண்ணம். 40 முனை இணைப்பியைக் கொஞ்சம் சாய்வாகச் செருகினேன் போலிருக்கிறது. ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு பொறி. சத்தமே இல்லை. மனம் மட்டும் திக்கென்றது.

கணினியைப் போட்டேன். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, திரை கருங்கல்போல இருந்தது.

அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தேன். டார்ச் விழுந்த வட்டத்துக்குள் விண்டோஸ் நுழைவுத்திரை பேய்போல மங்கலாகத் தெரிந்தது. படம் இருக்கிறது, பின்னொளி இல்லை. எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. அது சன்னல் கண்ணாடியில் வரைந்த ஓவியம் மாதிரி, பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தெரியும். இருண்ட திரையைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது இந்த டார்ச் சோதனைதான். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளியைத் தேடுங்கள், துளியும் தெரியாவிட்டால் வேறு எங்காவது தேடுங்கள்.

2010-க்கு முந்தைய மடிக்கணினி பலவற்றில் பின்னொளி என்பது ஈர்க்குபோன்ற மெல்லிய ஒளிக்குழாய். அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தருவதற்கு இன்வெர்ட்டர் என்று ஒரு நீளப் பலகை இருக்கும். அதை ஓடும்போது விரலால் தொட்டவர்கள் மறக்கமாட்டார்கள். குழாய் கிழடானால் போட்டவுடன் திரை செவ்வொளியில் தொடங்கும். நம்முடையது எல்இடி. இன்வெர்ட்டர் இல்லை. மதர்போர்டிலிருந்து நேரே மின்சாரம் அதே கேபிளில், இணைப்பியின் ஓர் ஓரத்து முனைகள் வழியாக வருகிறது. பேட்டரி மாட்டியிருக்கும் வரையில், கணினி அணைந்திருந்தாலும் பல மதர்போர்டுகளில் அந்த முனைகள் உயிரோடுதான் இருக்கும். சாய்வாகச் செருகினால் பக்கத்து முனையில் முட்டும். வழியில் உள்ள ஃபியூஸ் உயிரை விட்டு மற்றதைக் காப்பாற்றும்.

ஆகவே கீபோர்டைக் கழற்றி, கை வைக்கும் மேல்பலகையைக் கழற்றி, மதர்போர்டில் திரைக்கேபிள் செருகும் இடத்தைச் சுற்றிப் பூதக்கண்ணாடியோடு தேடினேன். ஃபியூஸ் என்றால் கண்ணாடிக் குழாய் அல்ல. 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம், எள்ளைவிடக் கொஞ்சம் சிறியது. பலகையில் அதன் பக்கத்தில் எஃப் என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். மின்சாரம் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரின் பீப் ஒலி நிலையில் இரண்டு முனையையும் தொட்டேன். மௌனம். உறுதிசெய்துகொள்ள அடாப்டரை மட்டும் மாட்டி வோல்ட் பார்த்தேன். ஒரு பக்கம் 19, மறுபக்கம் பூஜ்யம்.

இவ்வளவு சிறியதை என் பற்றுக்கோலால் தொடும் துணிச்சல் எனக்கில்லை. எங்கள் தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் நுண்ணோக்கி வைத்திருக்கிறார். பலகையைக் கொண்டுபோனேன். "ஒரு செப்பு இழையைப் போட்டு இணைத்துவிடவா, சார்? ஐந்து நிமிட வேலை" என்றார். ஃபியூஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அன்று இழை இருந்திருந்தால் பொறி ஃபியூஸில் முடிந்திருக்காது, பேனலின் விளக்குச்சுற்றையோ மதர்போர்டையோ தின்றிருக்கும். செத்த பலகை ஒன்றிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸைத் தேடி எடுத்துப் போட்டுத் தந்தார். 200 ரூபாய். என் கவனக்குறைவுக்கு அது சலுகை விலை.

வெளிச்சம் வந்தது. பச்சைக்கோடு போய்விட்டது. நான் எழுந்து காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். திரை மயில்நீலமாக இருந்தது.

அந்தக் காபியை நான் குடித்ததாக நினைவில்லை. மூடியை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்தேன். சிவப்பு வந்தது. முன்னுக்கு இழுத்தேன், போனது. 100 டிகிரி அளவில் ஒரு கோணத்தில் நிறுத்தி இடது கீலின்மேல் விரலால் லேசாக அழுத்தினால் வருவதும் போவதும் என் கையில் இருந்தது. முதல் வாரம் நான் ஆட்டிப் பார்த்தபோது ஒளிந்துகொண்டிருந்தது, இப்போது கேட்டபோதெல்லாம் வந்து நின்றது.

ஏன் சிவப்பு மட்டும்? இதைப் புரிந்துகொண்டது எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி. கேபிளில் படம் போவது எல்விடிஎஸ் முறையில், இரண்டிரண்டாக முறுக்கிய மெல்லிய கம்பிகளில். இந்தப் பேனல் ஒவ்வொரு நிறத்துக்கும் 6 பிட், ஆக மொத்தம் 18 பிட் வாங்கிக்கொள்ளும் வகை. அதற்கு மூன்று தகவல் இணைகளும் ஒரு கடிகார இணையும் போதும், எட்டே கம்பி. கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வோர் இணையும் 7 பிட் சுமக்கிறது. முதல் இணையில் போவது சிவப்பின் 6 பிட்டும் பச்சையின் கடைசி ஒரு பிட்டும். இரண்டாவதில் பச்சையின் மிச்சமும் நீலத்தில் கொஞ்சமும். மூன்றாவதில் நீலத்தின் மிச்சமும், வரி எங்கே தொடங்குகிறது, ஒரு முழுப்படம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புகளும். ஆகவே முதல் இணையில் ஒரு கம்பி நைந்து விட்டுவிட்டால் சிவப்புச் செய்தி மட்டும் வராது. பச்சையும் நீலமும் சேர்ந்து வெள்ளை மயில்நீலமாகிவிடும். மூன்றாவது இணை அறுந்திருந்தால் வரிக்குறிப்பே போய், படம் உருண்டோ வெளுத்தோ போயிருக்கும். நோய் தன் முகவரியை முதல் நாளே எழுதிக்காட்டியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. இந்தக் கம்பிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் அளவு சுமார் 350 மில்லிவோல்ட், ஒவ்வோர் இணையிலும் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பிட். தொடர்பு கொஞ்சம் தளர்ந்தாலே மின்மினி பறக்கத் தொடங்கிவிடும்.

கேபிளை உருவி எடுத்துப் பார்த்தேன். இடது கீலுக்குள் வளைந்து நுழையும் இடத்தில் கறுப்புத் துணிநாடா கிழிந்து, உள்ளே முடிபோன்ற கம்பிகளில் ஒன்றின் தோல் உரிந்திருந்தது. கீல் இறுகிப்போய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேபிளைப் பிடித்துத் திருகியிருக்கிறது. 13 வருடம், நாளைக்கு நான்கைந்து முறை என்று வைத்துக்கொண்டாலும் கேபிளின் பொறுமையை மெச்ச வேண்டும்.

நைந்த கம்பியை ஒட்டுப்போடும் ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். வளைந்துகொண்டே இருக்கும் இடத்தில் பற்றவைத்த கம்பி அந்தப் பற்றின் ஓரத்திலேயே மறுபடி ஒடியும். கேபிளில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு தேடினேன். இங்கேயும் மாடல் பெயரை நம்பக்கூடாது, கேமரா உள்ளதற்கு ஒரு கேபிள், இல்லாததற்கு வேறு கேபிள் இருக்கும். 450 ரூபாய்க்கு இணையத்தில் கிடைத்து, ஐந்து நாளில் வந்தது. இந்த முறை பேட்டரியைக் கழற்றி அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மின்சாரம் எதுவும் இல்லாத நிலையில் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சம் மீதி இருந்ததையும் வடியவிட்டேன். பிறகு பழைய கேபிள் போன பாதையிலேயே, கீல் அருகே ஒரு சின்னத் தளர்ச்சி விட்டு, புதியதைப் படுக்கவைத்தேன். கீலின் நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் மாற்றினால் புதிய கேபிளுக்கும் பழையதன் கதிதான்.

சிவப்பு நின்றது. மூடியை ஐம்பது தடவை திறந்து மூடினேன். எண்ணித்தான் சொல்கிறேன்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் ப்ராசஸரை ஏற்பதில்லை. திறந்ததுதான் திறந்தாயிற்று, லினக்ஸ் மின்டையே நிறுவிவிடலாம் என்று இறங்கினேன். நிறுவல் ஒழுங்காக முடிந்தது. மறுதொடக்கத்தில் சின்னம் தெரிந்தது, திரை இருண்டது.

டார்ச்சை எடுத்தேன். மங்கலாகப் படம். வயிற்றைக் கலக்கியது. மறுபடி கீபோர்டைக் கழற்றி ஃபியூஸில் மீட்டரை வைத்தேன். இரண்டு பக்கமும் 19. மின்சாரம் போகிறது. பயாஸ் திரையில் வெளிச்சமும் இருக்கிறது. லினக்ஸ் வந்ததும்தான் அணைகிறது. அப்படியென்றால் இந்தத் தடவை உண்மையாகவே மென்பொருள்.

கணினி எழும்பும்போது கிரப் என்ற தொடக்க நிரலின் பட்டியலை வரவழைத்து, தொடக்க வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைத் தற்காலிகமாகச் சேர்த்தேன். வெளிச்சத்தோடு வந்தது, ஆனால் படம் இழுத்துக் கட்டிய வேட்டிபோலப் பக்கவாட்டில் விரிந்திருந்தது. இந்தச் சொல், கர்னல் எனும் இயக்கமுறைமை உட்கருவின் கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்காதபடி தடுத்துவிடுகிறது. கணினிக்குள் நுழைய வழிகொடுக்கும், நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடாது. வைத்தால் வன்பொருள் முடுக்கம், அதாவது கிராபிக்ஸ் பகுதியின் உதவி, போய், சாளரத்தை நகர்த்தினால்கூட ப்ராசஸர் மூச்சு வாங்கும். நிறையப் பேர் இதைப் போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தபோது பின்னொளிக்கு இரண்டு கடிவாளம் இருப்பது தெரிந்தது. ஒன்று ஏசிபிஐ என்ற பொது ஏற்பாட்டின் வழியாகப் பயாஸிடம் சொல்லி வெளிச்சத்தை மாற்றச் சொல்வது, பத்துப் பதினைந்து படிகள்தான். இன்னொன்று இன்டெல் டிரைவர் தானே நேரடியாக மாற்றுவது, ஆயிரக்கணக்கான படிகள். பழைய பயாஸில் முதல் வழி பெயருக்குத்தான் இருந்தது. மேசைத்தளம் அதைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தது, திரையோ பூஜ்யத்தில் உறங்கியது. கர்னலின் தொடக்க வரியில் ஏசிபிஐ பேக்லைட் என்ற அமைப்பை நேட்டிவ் என்று வைத்து, கிரப்பைப் புதுப்பித்தேன். ஒரே வரி. வெளிச்சத்தைக் கூட்டும் விசையும் உயிர்பெற்றது.

வீடியோ பார்க்கும்போது மின்விசிறி அலறியதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்தக் கிராபிக்ஸ் பகுதி எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைத் தானே விரித்துவிடும். விபி9 என்ற வேறு சுருக்கமுறை அதற்குத் தெரியாது. யூடியூப் பெரும்பாலும் விபி9-ஐத்தான் தருகிறது, அந்தச் சுமை முழுதும் ப்ராசஸர் தலையில் விழுகிறது. எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் ஒரு சின்ன நீட்டிப்பை உலாவியில் போட்டேன். தேவாரப் பாடல் ஓடும்போது விசிறிச் சத்தம் சுருதி சேர்க்காமல் இருக்கிறது. வல்கன் என்ற புதிய வரைகலை முறைக்கு ஆதரவு முழுமையாக இல்லை என்று முனையத்தில் ஓர் எச்சரிக்கை வரும், கோயில் கணக்குக்கு வல்கன் எதற்கு என்று விட்டுவிட்டேன். பழைய வரைகலை முறையான ஓப்பன்ஜிஎல்லுக்குக் குரோக்கஸ் என்ற டிரைவர் இருக்கிறது. இன்டெல்லின் பழைய கிராபிக்ஸ் பகுதிகளுக்காகவே மேசா என்ற லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவர் திட்டத்தில் எழுதியது, 2022-இல் மேசா 22.0 பழைய டிரைவர்களைக் கழற்றிவிட்ட பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் கதி. நன்றாகவே ஓடுகிறது.

பழைய எழுத்துருக் கோப்பையும் எடுத்து லினக்ஸில் போட்டுவிட்டேன், கடிதங்கள் திறக்கின்றன.

நான்காவது வாரம் மயிலாடுதுறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா கணினியைத் திறப்பதற்கு முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "செலவுக் கணக்கை முதலில் கொடு" என்றார். கணக்கர் அல்லவா. சீட்டில் எழுதி நீட்டினேன். பேனல் 2,200. கேபிள் 450. ஃபியூஸ் 200. மொத்தம் 2,850.

"நோய் கேபிளில்தான் என்றாயே. பேனல் எதற்கு?"

"வலது ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு இருந்ததே பெரியப்பா, அதற்காக."

"அதுவா? அது மூன்று வருடமாக இருக்கிறதே. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

சொல்லிக்கொண்டே திருப்பணிக் கணக்கைத் திறந்தார். சிவப்பில் எழுதியிருந்த பாக்கித் தொகைகள் எல்லாம் சிவப்பாகவே இருந்தன. திரையின் வலது ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார்.

"தொகையெல்லாம் அந்தக் கோட்டுக்கு நேராக வருகிறதா என்று வைத்துத்தான் பத்தியைச் சரிபார்ப்பேன்" என்றார். "இனிமேல் எதை வைத்துப் பார்ப்பது?"